ஒரு ஆள் வலை

சதுரங்கப்பட்டினத்தில் நானும் தாண்டவராயனும் ஒரே கட்டுமரத்தில் தொழிலுக்குப் போகிறவர்கள். எழுபத்தி மூணில் அவன் போலீஸ் வேலைக்கு மனு போட்டான். தேர்வுக்கு நாற்பது நாள் இருந்தது.

"நீ தெனம் மணல்ல ஓடு. நான் பீடி, சாராயத்த வுட்டுட்டு தெனம் ஒரு ரூபா உண்டியல்ல போடறேன். எவன் தவறுறான்னு பாப்போம்" என்றேன்.

இரண்டு பேருமே தவறவில்லை. எதற்குச் சேர்க்கிறாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நான் உண்டியலைக் குலுக்கிக் காட்டுவேன், அவ்வளவுதான்.

செங்கல்பட்டு மைதானத்தில் ஓட்டத்தில் அவன்தான் முதல். மார்பளவில் போய்விட்டது. மூச்சை விட்டு ஒரு அளவு, இழுத்து ஒரு அளவு, இடையில் ரெண்டு இஞ்சு விரிய வேண்டுமாம். பாறையில் சிக்கின வலையை முங்கி எடுத்துப் பழகினவன், டேப்பைப் பார்த்ததுமே நெஞ்சு நிறைய இழுத்து அடக்கிக்கொண்டான். "இப்ப இழு" என்றபோது இழுக்க இடமில்லை.

பஸ் இறங்கி நேராக என் வூட்டுக்கு வந்து இதைச் சொன்னான். உண்டியலை உடைத்து அன்றுதான் வாங்கின வீச்சுவலை கம்பில் தொங்கியது. கட்டுமரத்துக்கு ரெண்டு ஆள் வேண்டும். இது ஒருத்தனே கரையில் நின்று வீசுகிற வலை.

அதைத் தொட்டுப் பார்த்தான். "நான் போயிடுவேன்னு அவ்ளோ நம்பிக்கினு இருந்தியா மச்சான்?"

"மூச்சு வுடக்கூடத் தெரியாத நாயி!" என்று கத்தினேன்.

என் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கே கேட்டது. அவனுக்கும் கேட்டுவிட்டது. வலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.