அக்காவுக்குப் பதில் வைத்த சொல்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. 'அன்றாட நற்செயல்கள்' என்று தலைப்புக் கொடுத்து ஒரு பத்திரிகை கதை கேட்டிருந்தது. நற்செயல் என்றாலே எனக்கு, எங்கள் சிலமலைத் தெருவுக்குப் பழைய சேலைகளோடு வந்து, கொடுக்கும்போது கேமராவைப் பார்த்துச் சிரித்த ஆட்கள்தான் ஞாபகம் வருவார்கள். வாங்கியவர்களில் என் அம்மாவும் உண்டு. அந்தப் படத்தில் அம்மா சிரிக்கவில்லை.

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அப்புறம் அம்மா, அவள் வேலைக்குப் போகிற ஜீப்பில் நடந்த ஒன்றைச் சொன்னாள். அதில் நற்செயல் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. எழுதிப் பார்த்தால் தெரியலாம்.

2

முதல் தொடக்கம்: 'பனி மூடிய போடிமெட்டுச் சாலையில் அந்த ஜீப் ஊர்ந்துகொண்டிருந்தது.' அடித்துவிட்டேன். அந்த ஜீப் ஊராது. ராமர் அண்ணன் ஓட்டினால் ஒவ்வொரு வளைவிலும் பதினான்கு பெண்களும் ஒரே பக்கம் சாய்வார்கள்.

இரண்டாம் தொடக்கம்: 'ஏலக்காயை அளவு பார்த்துச் சலிப்பதுபோல மனிதர்களையும்—' வேண்டாம். போடியில் பேனா பிடிக்கிற எவருக்கும் முதலில் தோன்றும் உவமை அது.

மூன்றாவது: சந்திரவல்லிக்கு முப்பது வயது. வீட்டில் வைத்த ஆண் பெயர் இன்னும் ஆதாரில் இருக்கிறது. சந்திரவல்லி என்பது அவளே வைத்துக்கொண்டது. மலைத் தோட்டத்தில் ஆண்களோடு மருந்தடிக்கப் போனவள், அங்கே பட்ட கிண்டல் தாங்காமல் ஆறு மாதம் வீட்டில் கிடந்தாள். பிறகு ஒரு திங்கட்கிழமை சேலை கட்டிக்கொண்டு வந்து, ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களின் ஜீப்பில் ஏறினாள்.

(திருநங்கை என்ற சொல் எனக்குத் தெரியும். ஜீப்பில் யாரும் அதைச் சொல்லவில்லை. அதைவிட மோசமானவற்றையும் சொல்லவில்லை. அதனால் இந்த அடைப்புக்குறியை விட்டு அதை வெளியே விடமாட்டேன்.)

3

அந்த ஜீப்பில் நெருக்கி உட்காராமல் கதவு சாத்த முடியாது. நெருக்கி உட்காரச் சொல்ல வேண்டுமென்றால் கூப்பிட வேண்டும். சிக்கல் அங்கேதான்.

"ஏங்க... இந்தா..." என்றாள் அனுசியா. "செத்தத் தள்ளி..."

அக்கா என்று சொல்ல வாய் வரவில்லை. அண்ணே என்றால் ஏறியவள் இறங்கிவிடுவாள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"ஏத்தா, வெரசா உக்காருங்க. வண்டி எடுக்கணும்ல" என்றார் ராமர் அண்ணன்.

என் அம்மா சுருளியம்மாள்தான் அதை முடித்துவைத்தாள். "சேச்சி, செத்தத் தள்ளி உக்காரு. என் முட்டி இடிக்குது."

சேச்சி என்றால் மலையாளத்தில் அக்கா. ஆனால் எங்கள் ஜீப்புக்கு அது போடிமெட்டு டீக்கடையில் டீ ஆற்றுகிற பெண்ணைக் கூப்பிடும் சொல், அவ்வளவுதான். அதைச் சொன்னால் யாரும் யாருக்கும் சொந்தமாகிவிட மாட்டார்கள்.

சந்திரவல்லிக்குப் புரிந்தது. நம் சொல்லைக் கொடுக்க மனசு வராமல் மெட்டுக்கு அந்தப் பக்கத்துக் கேரளத்துச் சொல்லை எடுத்துக் கொடுக்கிறார்கள். கிடைத்தவரைக்கும் சரி என்று தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள்.

[இந்த இடத்தில் அம்மாவை நல்லவளாக்கிப் பத்து வரி எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டினேன். "எனக்கு முட்டி வலிச்சுச்சு, சொன்னேன். நீ என்னத்தையோ எழுதியிருக்க" என்றாள். எடுத்துவிட்டேன்.]

4

ஒரு மாதத்தில் கேலி பேசும் அளவுக்குப் பழகிவிட்டார்கள்.

"சேச்சி, நீ எடுக்கிற வேகத்துக்குக் காயி அடுத்த வருசமும் அங்கனயே இருக்கும்" என்பாள் அனுசியா.

"நீ எடுக்கிறதுல பாதி பிஞ்சு. உன் வேகத்த நீயே வச்சுக்க" என்பாள் சந்திரவல்லி.

அதுவரை தோட்டத்தில் தலையை எண்ணுவார்கள், பெயர் கேட்கமாட்டார்கள். போன வெள்ளிக்கிழமை ஷாஜி என்ற புது மலையாளி சூப்பர்வைசர் வந்தார். மேசையில் இரண்டு நோட்டு வைத்தார். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. ஆதார் கார்டு பார்த்துத்தான் பெயர் எழுதுவேன் என்றார்.

கார்டு சந்திரவல்லியின் சுருக்குப்பையில் இருந்தது. காட்டினால் ஆண் நோட்டு. ஆண் நோட்டு என்றால் மறுபடியும் மருந்தடிக்கும் கூட்டம். அங்கே போவதைவிட வேலையை விட்டுவிடலாம் என்று அவள் எப்போதோ முடிவு செய்திருந்தாள். வரிசையில் அவளுக்கு முன்னால் மூன்று பேர். மெட்டுக்கு நடந்துபோய் பஸ் பிடித்துவிடலாமா என்று ரோட்டைப் பார்த்தாள். அதற்குள் முறை வந்துவிட்டது.

"கார்டு மறந்துட்டேன் சார்."

ஷாஜி நிமிர்ந்தார். முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார். பேனா இரண்டு நோட்டுக்கும் நடுவில் நின்றது. பின்னால் நின்ற பெண்களைக் கேட்டார்.

"இது ஆரா?"

யாரும் யோசிக்கவில்லை. வாய்க்குப் பழகினது வந்தது.

"சேச்சி" என்றாள் அனுசியா.

"எங்க சேச்சி" என்றாள் அம்மா. "எழுதுங்க சார், சோலி கெடக்கு."

ஷாஜியின் வீட்டில் அது மூத்தவளைக் கூப்பிடும் சொல். இத்தனை பெண்கள் ஒருத்தியை அக்கா என்கிறார்கள், இதற்கு மேல் என்ன கேட்க?

"சேச்சியுடெ பேரெந்தா?"

"சந்திரவல்லி."

பெண்கள் நோட்டில் எழுதினார். கார்டைத் திங்கட்கிழமை கண்டிப்பாகக் கொண்டுவரச் சொன்னார்.

அக்கா என்று சொல்லிவிடக் கூடாதே என்று எடுத்துக்கொண்ட சொல், அந்தச் சொல்லுக்குச் சொந்தக்காரர் காதில் விழுந்ததும் அக்கா என்றே ஆகிவிட்டது. ஜீப்புப் பெண்களுக்கு அது அப்போதுதான் உறைத்திருக்கிறது.

5

முடிவு அ: மறுநாள் ஜீப்பில் எல்லோரும் 'அக்கா' என்கிறார்கள். பத்திரிகைக்குப் பிடிக்கும். நடக்கவில்லை. சனிக்கிழமையும் சேச்சிதான்.

முடிவு ஆ: திங்கட்கிழமை. ஷாஜி கார்டை வாங்கிப் பார்க்கிறார். நோட்டைத் திறந்து, எழுதிய பெயரை அடிக்

6

மேலே வரி பாதியில் நிற்பதற்குக் காரணம், சந்திரவல்லியே வாசலில் வந்து நின்றதுதான். இன்று ஞாயிறு. அம்மா கடைக்குப் போயிருந்தாள்.

"சுஜிதா, நீ படிச்ச புள்ள. பேர் மாத்துறதுக்கு ஒரு மனு எழுதிக் கொடு. அதையும் கார்டையும் சேத்துக் காட்டுனா அந்த சாரு ஒத்துக்குவாருன்னு ராமரண்ணே சொல்லுச்சு."

எழுதினேன். நன்றாகவே எழுதினேன். எழுதிக்கொண்டே ஜீப்புப் பெண்களைத் திட்டினேன். "அக்கான்னு ஒரு வார்த்த. அதச் சொல்றதுக்கு என்ன கேடு? உங்களுக்குக் கோவம் வரலையா?"

"நீ கோவப்படு" என்றாள். "எனக்கு நாளைக்கு ஜீப்பு ஏறணும்."

ஹாரன் சத்தம் கேட்டது. போடி பஸ். சுருக்குப்பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். மனுவும் கார்டும் என் மேசையிலேயே இருக்கின்றன.

இவை இல்லாமல் நாளைக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அம்மாவிடம் கொடுத்தனுப்பலாம்தான்; ஆனால் கையில் கார்டு இல்லையென்று தெரிந்தால் அவள் ஜீப்பே ஏறமாட்டாள். இரண்டையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். அவள் தெருமுனையில் பஸ் படிக்கு அருகில் இருக்கிறாள். ஓடினாலும் எட்ட முடியாது. கூப்பிடத்தான் வேண்டும்.

ஒரு மணி நேரம் அவளோடு பேசியிருக்கிறேன். 'நீங்க', 'உங்களுக்கு', 'இங்க பாருங்க' என்றே ஓட்டியிருக்கிறேன். தமிழில் அப்படி ஓட்டலாம், யாரும் கவனிக்கமாட்டார்கள். முதுகு காட்டிப் போகிறவளை அப்படிக் கூப்பிட முடியாது. பெயர் சொல்லிக் கூப்பிடும் வயது எனக்கு இல்லை.

ஒரு கால் படியில் ஏறிவிட்டது. வாயைத் திறக்கிறேன்.

"                    "

இதை நீங்கள்தான் நிரப்ப வேண்டும். மனதுக்குள் சொல்லிப் பிரயோசனமில்லை. தெருமுனை வரைக்கும் கேட்க வேண்டும்.