அதே கூடை

ஏழாம் நம்பர் மலையில் கிருஷாந்தி தேயிலை நிரை பிடித்துக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். தலையில் மாட்டிய கயிற்றில் முதுகோடு கூடை தொங்கியது. கூடைக்குள் இரண்டு வயது மகள் தக்ஷிகா உட்கார்ந்திருந்தாள். அம்மா தோளுக்கு மேலாக வீசுகிற கொழுந்து தலையில் விழ விழ அவளுக்கு ஒரே சிரிப்பு. கிருஷாந்திக்குத்தான் கழுத்து நரம்பு விண்விண்ணென்று தெறித்தது. தெறித்தால் தெறிக்கட்டும், இன்றைக்கு இறக்கப்போவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பிள்ளையின் கழுத்தில், இடது காதுக்குக் கீழே, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. அதை முதலில் கண்டவள் அடுத்த வீட்டு வேலாயிதான். தாய்மார் மலைக்குப் போனதும் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள் அவள். "பொன்னுக்கு வீங்கிடீ இது, தங்கம் பட்டா வத்திரும்" என்று தன் கழுத்துச் சங்கிலியையே கழற்றிப் பிள்ளைக்குப் போட்டுவிட்டாள். அவ்வளவு பாசம்! மூன்று நாளில் வற்ற வேண்டியது மூன்று மாதமாகியும் வற்றவில்லை. சங்கிலியைத் திரும்ப வாங்கி மஞ்சள் தண்ணீரில் கழுவிய வேலாயி, மறுநாள் பிள்ளைக்காம்பராக் கதவைப் பாதிதான் திறந்தாள்.

"மத்தப் புள்ளைங்களுக்கு ஒட்டிக்கிட்டா யாருடீ பதில் சொல்றது? கண்டாக்கையாவும் சேக்க வேணாம்னுட்டாரு."

கிருஷாந்தி சும்மா இருக்கவில்லை. லிந்துலையில் பஸ் ஏறி, கண்டி பெரியாஸ்பத்திரி வரைக்கும் போய்வந்தாள். வெறும் கொழுப்புக் கட்டி, சின்னப் பிள்ளைகளுக்குக் கழுத்தில் வருவது அபூர்வம், புற்றுநோயில்லை, யாருக்கும் ஒட்டாது, அடுத்த மாதம் வெட்டி எடுத்துவிடலாம் என்று டாக்டர் கடிதமே எழுதிக் கொடுத்தார். மலைக்குப் பொறுப்பான கண்டாக்கு சோமசுந்தரம் அதை வாசித்து, மடித்து, திருப்பி நீட்டினார்.

"இங்கிலீசுல இருக்கு. லயத்து வீட்டுப் பொம்பளைங்களுக்கு யாரு வெளங்கப்படுத்துறது? நீ வீட்டுல இருந்து பாரு. ஆனா வேலைக்கு வராட்டி பேர வெட்டிருவேன்."

அதனால்தான் இன்றைக்குப் பிள்ளை கூடையில்.

பகல் நிறுவைக்குப் பெண்கள் தராசடியில் வரிசையாக நின்றார்கள். கூடைக்குள்ளிருந்து தலை எட்டிப் பார்த்ததும் சோமசுந்தரத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மலைக்குப் புள்ளையக் கொண்டாரக் கூடாதுன்னு தெரியாதா?"

"தெரியுங்கையா. புள்ளக்காம்பராவுல சேக்கச் சொல்லுங்க, விட்டுட்டு வாறேன்."

"ஒட்டுற நோய வச்சிக்கிட்டுப் பேச்சப் பாரு!"

கிருஷாந்தி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கூடையைக் காலால் அவர் முன்னே நகர்த்தினாள்.

"அப்ப இந்தக் கொழுந்தையும் சாக்கடைக் கான்ல கொட்டுங்க. காலையிலருந்து எம்புள்ள இதுக்குள்ளதான் இருந்தா. இதுலதான் எச்சி வடிச்சா, கட்டிய இது மேல வச்சுத்தான் தூங்குனா. ஒட்டுற நோயின்னா இது தேயிலப் பெக்டரிக்குப் போகலாமா? தேத்தண்ணி குடிக்கிற சீமைக்காரங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சோமசுந்தரத்துக்கு முகம் கறுத்தது. மழையில்லாத மாதம், மலையில் கொழுந்தே அருமை. கிருஷாந்தியின் கூடையிலோ எல்லாம் இளங்கொழுந்து.

"வாய் நீண்டுபோச்சு ஒனக்கு," என்றார். தராசுக்காரனைப் பார்த்தார். "என்னடா பாக்குற? நிறு."

நிறுத்தார்கள். சாக்கில் கொட்டி லொறியில் ஏற்றினார்கள்.

"ஒட்டாதுன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க ஐயா. எல்லாரும் பாத்துட்டாங்க," என்றாள் கிருஷாந்தி.

வெறுங்கூடையும் பிள்ளையுமாக நேரே பிள்ளைக்காம்பராவுக்கு நடந்தாள். வேலாயி பாதிக் கதவுக்குப் பின்னால் நின்றாள். கழுவிய சங்கிலியை இன்னும் கழுத்தில் போட்டிருக்கவில்லை.

"ஐயா ஒண்ணும் சொல்லி அனுப்பலியேடீ. நான் என்னத்தச் செய்ய?" என்று பாதிக் கதவையும் சாத்திக்கொண்டாள்.

"சாத்துக்கா. நாளைக்கும் கூடையிலதான் வருவா. நாளான்னைக்கும் வருவா!" கிருஷாந்தி கதவைப் பார்த்துக் கத்தினாள்.

பிள்ளையைக் கூடைக்குள் இறக்கிக் கயிற்றைத் தலையில் மாட்டினாள். கீழே ரோட்டில் கொழுந்து லொறி ஹோர்ன் அடித்தது. பெக்டரி கேட்டை இரண்டு பேர் ஓடிவந்து விரியத் திறந்துவிட்டார்கள்.