பள்ளிக்குள் வந்த ஈப்பிடிப்பான்

ரமலான் பிறை இருபத்தாறு. நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்து, பெரியபட்டினத்தின் கடலோரப் பள்ளிவாசல் அரைத் தூக்கத்தில் கிடந்தது. இஃதிகாஃப் இருந்த நாலு பேர், அதாவது கடைசிப் பத்து நாளும் பள்ளியை விட்டு இறங்குவதில்லை என்று நிய்யத்து வைத்தவர்கள், ஆளுக்கொரு மின்விசிறிக்குக் கீழே படுத்திருந்தார்கள். நெய்னா முகம்மதுவுக்கு மட்டும் கண் ஒட்டவில்லை.

தொழுகைக்கு முன்னால் பக்கத்து வீட்டு மெஹருன்னிசா கேட் வரைக்கும் வந்து சேதி சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மகள் அஃபீஃபாவுக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது, நெய்னாவின் மனைவி நஃபீசா அவளைக் கூட்டிக்கொண்டு ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். மருமகன் தோகாவில். நான் இங்கேயே இருந்து துஆ செய்கிறேன் என்று நெய்னா சொன்னார். மெஹருன்னிசா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

முதல் பேறு. மகள் அவரிடம் கேட்டதும் ஒன்றே ஒன்றுதான். "நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் வாப்பா. வாசல்ல நின்னாப் போதும்" என்றாள். அதற்கு ஐந்தாம் நாள் மனுஷர் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்துவிட்டார்.

தம்மாமில் இருபத்தாறு வருஷம் ஏசி மெக்கானிக். எந்த மிஷினையும் பிரித்துப் பார்க்கத் தயங்காத கை. ஆனால் அஃபீஃபா பிறந்த சேதி அவருக்குப் போனில்தான் வந்தது, அதுவும் மூன்றாம் நாள். பிரசவ அறை வாசலில் ஓர் ஆண்பிள்ளை எப்படி நிற்பான், கையை எங்கே வைத்துக்கொள்வான், உள்ளே சத்தம் கேட்டால் என்ன செய்வான், எதுவும் அவருக்குத் தெரியாது. பூசி மெழுகுவானேன், மனுஷருக்குப் பயம். பள்ளிக்குள் உட்கார்ந்திருப்பவனை ஊரில் யார் குறை சொல்லப்போகிறார்கள்?

அப்போதுதான் தெற்கு ஜன்னல் வழியாக அந்தக் குருவி வந்தது. சிட்டுக்குருவியை விடச் சின்னது. உடம்பு மண் நிறம், தொண்டை மட்டும் செங்கல் நிறம். வந்த வேகத்தில் நேரே மின்விசிறியைப் பார்த்துப் போனது. நெய்னா எழுந்து ஓடி எல்லா சுவிட்சையும் ஒரே இழுப்பில் அணைத்தார்.

பங்குனி வெயில் நாலு பக்கமும் இறங்கியது. பக்கத்துப் பாயில் கிடந்த தவ்ஃபீக் ராவுத்தர் கண்ணைத் திறக்காமலே, "குருவிக்கு நோன்பு இல்ல மாப்ள, எங்களுக்கு இருக்கு" என்றார். நெய்னா சுவிட்சுப் பலகையை மறைத்துக்கொண்டு நின்றார். மூன்று சுற்றுக்குப் பிறகு குருவி பாயில் விழுந்து, வாயைத் திறந்தபடி கிடந்தது.

பேரீச்சம்பழத்தைப் பிய்த்து வைத்தார்கள். மூடியில் தண்ணீர் வைத்தார்கள். நோன்புக் கஞ்சிக்கு ஊறப்போட்ட நொய்யில் ஒரு பிடி கொண்டுவந்து வைத்தார்கள். கடற்கரை ஆட்களுக்குப் பறவை என்றால் மீன் தின்னும், இல்லாவிட்டால் சோறு தின்னும். இது எதையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

இமாம் அம்மார் ஹஜ்ரத் வயதில் சின்னவர்தான். ஆனால் இலங்கையில் ஒரு தேயிலை மலை ஊரில் மூன்று வருஷம் இமாமாக இருந்து வந்தவர், பார்த்ததும் சொல்லிவிட்டார். ஈப்பிடிப்பான், மலைக்காட்டுக் குருவி. பனிக்காலமெல்லாம் அந்தக் காட்டில் இருந்துவிட்டு, குஞ்சு பொரிக்க இமயமலைப் பக்கம் போகும். பூச்சிதான் தின்னும். கடலைத் தாண்டி வந்த களைப்பில் வழியில் இறங்கியிருக்கிறது.

பூச்சிக்கு எங்கே போவது? பள்ளிக்குப் பின்னால் கஞ்சிக் கொட்டகையில் ஈ மொய்த்துக் கிடந்தது. ஹஜ்ரத் யாரையோ கூப்பிட வாயெடுப்பதற்குள் நெய்னா குருவியைத் துண்டில் ஏந்திக்கொண்டு நடந்துவிட்டார்.

உள்ளங்கையில் அதன் நெஞ்சு துடித்தது. இவ்வளவு சின்ன மோட்டார் இவ்வளவு தண்ணீரைத் தாண்டி வந்திருக்கிறதே என்று அவருக்கு ஆச்சரியம். முந்தின நாள் இது எங்கே இருந்திருக்கும்? அவர் பார்த்தேயிராத ஒரு காடு கண்ணுக்குள் வந்தது. பாசி படர்ந்த மரங்கள், இலைக்கு இலை சொட்டும் தண்ணீர், பகலிலும் விலகாத பனிமூட்டம். நோன்பின் தாகத்தில் அந்தக் குளிர்ச்சி தொண்டை வரைக்கும் இறங்கியது.

பூவரச மரத்தடியில் கையை விரித்தார். குருவி விரலில் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு தாழ்ந்த கிளைக்குத் தாவியது. அங்கிருந்து ஒரு பாய்ச்சல், அலகில் ஒரு ஈ, திரும்ப அதே கிளை. இன்னொரு ஈ. கஞ்சிப் பானை கொதிக்கும் சத்தமும் பின்னால் கடல் சத்தமும் ஒன்றாகிப்போக, நெய்னா நின்ற இடம் மறந்து எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்பதாவது ஈக்குப் பிறகு அது மெல்லிசாக ஒரு குரல் கொடுத்தது. அப்புறம் தென்னைகளுக்கு மேலே எழும்பி வடக்கே போய்விட்டது.

அவர் குனிந்து பார்த்தார். இரண்டு காலும் வெறும் மணலில் நின்றன. பள்ளியின் வாசல்படி முப்பது அடி பின்னால் இருந்தது.

படியில் நின்று ஹஜ்ரத் கூப்பிட்டார். "மறந்து இறங்கினா இஃதிகாஃப் முறியாது மாமா. உடனே உள்ள வந்துருங்க."

மணல் சுட்டது. உள்ளே நிழல் இருந்தது, பாய் இருந்தது, துஆ செய்து செய்து பழகிய மூலை இருந்தது.

"மறந்துதான் இறங்கினேன் ஹஜ்ரத். ஆனா திரும்பி வரல. எம்மவகிட்டப் போறேன்."

ஹஜ்ரத் அவருடைய செருப்பை எடுத்துவந்து மணலில் வைத்தார்.

பஸ் பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர சாயங்கால அஸர் நேரம் ஆகிவிட்டது. நஃபீசா அவரைப் பார்த்ததும் பெஞ்சில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டாள். அவர் உட்காரவில்லை. உள்ளே சத்தம் கேட்கும்போதெல்லாம் கதவை இன்னும் ஒட்டி நின்றார். எங்கே வைப்பதென்று தெரியாத கையைக் கதவு நிலையில் ஊன்றிக்கொண்டார். மஃரிப் பாங்கு கேட்டதும் நஃபீசா கொடுத்த தண்ணீரை நின்றபடியே குடித்து நோன்பு திறந்தார்.

உள்ளேயிருந்து மூச்சு வாங்கிக்கொண்டு அஃபீஃபா யாரிடமோ கேட்டாள். "வாப்பா வந்துட்டாகளா?"

நர்ஸ் பதில் சொல்வதற்குள் நெய்னா முகம்மது கதவில் வாயை வைத்துச் சொன்னார்.

"இங்கனதான் நிக்கிறேன்மா. வாசல்ல."