ஜன்னல் எந்தப் பக்கம்

பேருந்து நிலையத்தின் முன்பதிவு கவுன்ட்டரில் உட்கார்ந்து, காலமெல்லாம் ‘இல்லை’ சொல்லியே ஓய்வு பெற்றவள் நான். ஜன்னல் சீட் இருக்கா? இல்லை. முன்னாடி சீட்? இல்லை. சேர்ந்தாற்போல ரெண்டு? இல்லை. குரல் உயராது, முகம் மாறாது, மறுபேச்சுக்கு இடமும் இருக்காது. அப்படிப்பட்ட ‘இல்லை’ ஒன்றைப் பத்திரமாக எடுத்துக்கொண்டுதான் அன்று காலை படகுத்துறைக்குப் போகும் ஷட்டில் வேனில் ஏறினேன்.

விஷயம் இதுதான். என் மகன் இறந்த பிறகு நானும் மருமகளும் ஒருவருக்கொருவர் துணையாக ஒரே வீட்டில் இருந்தோம். அவள் நர்ஸ். வேனில் ஏறி, படகில் ஏறி, மழைக்காட்டுக்கு நடுவில் போய் இறங்கும் ஒரு கிராமத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். போன மாதம் ஃபோன் செய்தாள்.

“அத்தை, இங்க ஒருத்தர் என்னைக் கட்டிக்கறேன்னு கேக்கறார். படகு எஞ்சின் ரிப்பேர் பண்றவர். எனக்கும் பிடிச்சிருக்கு. ஆனா நீங்க வந்து பாத்துச் சரின்னு சொன்னாத்தான். வேண்டாம்னு சொன்னீங்கன்னா ஏன்னுகூடக் கேக்க மாட்டேன்.”

கேட்க மாட்டாள், அது எனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் கிளம்பினேன். எனக்கென்று மிச்சமிருப்பது அவள் ஒருத்திதான். அவள் இன்னொருத்தனைக் கட்டிக்கொண்டால் அவனைப் பெற்றவள் அவளுக்கு அத்தை. அப்புறம் நான் யார்? யோசித்து யோசித்துப் பார்த்தேன். அந்த உறவுக்கு ஒரு பெயர் கிடைக்கவில்லை.

வேனில் மூச்சு விட இடமில்லை. ஆனால் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் மட்டும் துண்டு விரித்திருந்தது.

“அங்க உக்காருங்கம்மா. உங்களுக்கு வளைவு ரோடு ஆகாதாமே” என்றார் டிரைவர். பின்னால் இருந்த அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

வளைவுகளில் ஊர்ந்துதான் போனார். டீக்கடையில் நிறுத்தியபோது கேட்காமலே சர்க்கரை போடாத டீயை என் கையில் கொடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் பெண் என் வண்டவாளத்தையெல்லாம் தண்டவாளத்தில் ஏற்றி ஊருக்கு முன்னால் அனுப்பியிருக்கிறாள்.

ரோடு முடிந்த இடத்தில் ஆறு. கரையோடு ஒட்டி ஒரு நீளப் படகு. ஏறுவதற்கு அகலமான பலகை போட்டு, வழுக்காமல் இருக்க அதன்மேல் சாக்கு விரித்திருந்தது.

“மெதுவா வாங்கம்மா, இடது முழங்கால் மடங்காதுல்ல?” என்று கை நீட்டினார் படகுக்காரர்.

“எந்தக் கால்ங்கற வரைக்கும் சொல்லி அனுப்பிட்டாளா?”

“நர்ஸம்மாவா? அவங்க ஒண்ணும் சொல்லலையே. எல்லாம் மெக்கானிக்தான். கொஞ்ச நாளா இதே பேச்சு. அந்தம்மாவுக்குக் கால் நீட்ட இடம் விடு, முதுகுக்கு ஏதாவது வைன்னு உசுரை எடுக்கறாரு. வேன்காரர்கிட்டயும் சொல்லி வெச்சிருப்பாரே?”

ஓஹோ, அப்படியா சங்கதி. எனக்கே ஐஸ் வைக்கிறானா? கவுன்ட்டரில் நான் பார்க்காத ஐஸா? ஸ்வீட் பாக்ஸோடு வந்தவர்கள் உண்டு. உங்களை மாதிரி ஒரு அதிகாரியைப் பார்த்ததே இல்லை என்று கண் கலங்கியவர்கள் உண்டு. ஒருத்தருக்கும் ஜன்னல் சீட் கிடைத்ததில்லை. கொண்டுவந்த ‘இல்லை’ எனக்குள்ளே இன்னும் இறுகியது.

படகு நகர்ந்தது. போகப் போக இரண்டு கரை மரங்களும் தலைக்கு மேல் கூடிக்கொண்டன. வானம் ரிப்பன் அகலத்துக்குச் சுருங்கிவிட்டது. சொல்லாமல் கொள்ளாமல் மழை வந்தது. எதிரில் கோழிக்குஞ்சுக் கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்ணும் நானும் ஆளுக்கொரு பக்கம் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டோம். நடுவில் எஞ்சின் ஒரு தரம் இருமியது. படகுக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “மெக்கானிக் கை பட்டது, நிக்காது” என்றார். நிற்கவில்லைதான். முதுகுக்குத் தலையணை, காலுக்கு இடம். என்னையறியாமல் தூங்கிப்போனேன். மகன் போன பிறகு பயணத்தில் நான் கண் அசந்தது அன்றுதான்.

கிராமத்துக் கரையில் மருமகள் சேற்றோடு ஓடி வந்து கட்டிக்கொண்டாள். சோப்பும் டெட்டாலும் கலந்த அவளுடைய வாசனை.

“இளைச்சுட்டீங்க அத்தை.”

“நீ நல்லா ஊதியிருக்கே.”

சத்தமாகச் சிரித்தாள். அவள் இவ்வளவு சத்தமாகச் சிரிப்பாள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வலிக்கவும் செய்தது.

அவளுக்குப் பின்னால் ஓர் ஆள், கை நிறைய கிரீஸ், விடைத்த காதுகள், ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு அனுப்பிய பையன் மாதிரி நின்றார். கும்பிட்டார். என் பையை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று முன்னால் நடந்துவிட்டார்.

“வாயைத் திறக்க மாட்டாரா?”

“பயம் அத்தை.”

“யாரைப் பாத்து?”

“வேற யாரை?”

ஆறு பொங்கும் ஊர் என்பதால் வீடுகளெல்லாம் உயரமான கட்டைகள்மேல் நின்றன. அவள் அனுப்பிய ஃபோட்டோவில் அவள் வீட்டுப் படி ஏணி மாதிரி செங்குத்தாக இருந்தது. கீழேயே எங்காவது படுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல நினைத்திருந்தேன். வந்து பார்த்தால் அந்தப் படியே இல்லை. புது மரம், இன்னும் இழைத்த வாசம் போகவில்லை. ஒவ்வொரு படியும் பழசில் பாதி உயரம். இரண்டு பக்கமும் கைப்பிடி. பிடித்துக்கொண்டு ஏறினேன். எங்கேயும் நிற்கவில்லை, ‘அப்பாடா’ என்றும் சொல்லவில்லை.

“இது எப்போ?”

“பழசைப் பிரிச்சுட்டு இவரே கட்டினார். எனக்கு ஒரே எரிச்சல் அத்தை. அவசரத்துக்கு ஓடி இறங்கினா கால் தடுக்குது. சொன்னா, அவங்க வயசு காலத்துல தினமும் ஏறி இறங்கணும்ல, நீ பழகிக்கோன்னுட்டார்.”

தினமும் என்ற சொல்லில் நான் நின்றுவிட்டேன். முன் சீட் பிடித்துக் கொடுக்கலாம், சர்க்கரை போடாத டீ வாங்கிக் கொடுக்கலாம். ஒரு நாள் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகிறவளுக்காக யாரும் வீட்டுப் படியைப் பிரித்துக் கட்டுவதில்லை.

மருமகள் டீ போட உள்ளே போனாள். மெக்கானிக் தாழ்வாரத்தின் கோடியில் அளவு டேப்போடு நின்றிருந்தார். கிரீஸைக் கழுவியிருந்தார், காதுகள் சிவந்திருந்தன. அப்போதுதான் முதன்முதலாக வாயைத் திறந்தார்.

“இந்தப் பக்கம் உங்களுக்கு ஒரு ரூம் எடுக்கறேம்மா. ஜன்னல் எந்தப் பக்கம் வைக்கட்டும்? ஆத்தைப் பாத்தா, காட்டைப் பாத்தா?”

சமையலறையில் சத்தம் அடங்கிவிட்டது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். நான் என் ‘இல்லை’யைத் தேடினேன். அவ்வளவு தூரம் பத்திரமாகக் கொண்டுவந்தது, வாய்க்கு வரவில்லை. ஜன்னல் கேட்டு நின்றவர்கள் ஆயிரம் பேரை எனக்குத் தெரியும். உனக்கு எந்த ஜன்னல் வேண்டும் என்று என்னை யாரும் கேட்டதில்லை.

“ஆத்தைப் பாத்தே வைங்க, மாப்பிள்ளை.”

உள்ளே ஒரு டம்ளர் விழுந்து உருண்டது.

“என் பொண்ணு கையில ஒரு டம்ளர் நிக்காது” என்றேன். “அதையும் இப்பவே சொல்லிடறேன்.”