முகம் திருப்பாத கர்னல்

என் நாவலின் கடைசிப் பக்கத்தில் ஒரு குண்டுகூட வெடிக்காது. ஜனாதிபதி தன் கையால் சோஜு மது ஊற்றிக் கொடுப்பார். கர்னல் அதை ஒற்றைக் கையால் வாங்கி, அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு குடிப்பான். ராணுவம் கைமாறிவிட்டது என்று அவருக்குப் புரிந்துவிடும். எழுந்து போய்விடுவார். பெரியவர்கள் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கி, முகத்தை ஓரமாகத் திருப்பி, கையால் மறைத்துக் குடிக்கிற ஜனங்கள் நாங்கள். இதைவிடப் பெரிய கலகம் வேண்டுமா என்ன? அந்த ஒரு மடக்குக்காகத்தான் வருஷக்கணக்காக உட்கார்ந்து எழுதினேன்.

நாவலைப் படமாக எடுக்கும்போது அந்த மடக்கைத்தான் கிதே பாழாக்கிக்கொண்டிருந்தான்.

கர்னலாக நடிப்பவன் அவன். வாட்டசாட்டமான ஆள், முறைத்தால் குழந்தைகள் அழும். ஜனாதிபதியாக நடிக்கும் தோ ஹக்சு, அவன் வளர்ந்த நாடகக் குழுவிலேயே மூத்தவர். காமிரா ஓடும். கோப்பை உதட்டைத் தொட்டதும் கிதேயின் தலை சடாரென்று சுவர்ப்பக்கம் திரும்பிவிடும்.

"கட்! டேய், அதுல இருக்கிறது வெறும் தண்ணிடா!" என்று கத்தினார் டைரக்டர் பியோன்.

"எனக்குத் தெரியுது சார். கழுத்துக்குத் தெரியமாட்டேங்குதே!"

ஜனாதிபதி மாளிகை செட்டை அன்று சாயங்காலமே பிரிக்க வேண்டும். மறுநாள் அங்கே டி.வி. சமையல் போட்டி எடுக்கிறார்கள். அடுப்பும் காய்கறியும் ஏற்கெனவே வந்து இறங்கிவிட்டன. பியோனின் சட்டைப்பையில் வேறொரு முடிவு தயாராக இருந்தது. அதில் கர்னல் முழங்காலிட்டு, அழுது, மன்னிப்புக் கேட்பான்.

"இருட்டுறதுக்குள்ள வரலைன்னா இதைத்தான் எடுப்பேன், எழுத்தாளரம்மா."

"அதுக்கு என் நாவலைக் கொளுத்தி அந்த அடுப்புல போடுங்க!" என்றேன்.

கிதேயின் காலருக்குள் கழுத்துப் பட்டை மாட்டினார்கள். இடுப்போடு திரும்பினான். இடுப்பை நாற்காலியோடு கட்டினார்கள். நாற்காலியே திரும்பியது. கடைசியில் ஹக்சுவே இறங்கி வந்தார்.

"தம்பி, நானே சொல்றேன். என் மூஞ்சியைப் பார்த்துக் குடி."

"ரொம்ப நன்றிங்கண்ணே!" நாற்காலியோடு எழுந்து கும்பிட்டு உட்கார்ந்தவன், முன்னைவிட மரியாதையாகத் திரும்பிக் குடித்தான்.

பெரியவரைத் தேநீர் குடிக்க அனுப்பிவிட்டு, சமையல் போட்டிக்கு வந்த ஒரு முட்டைக்கோஸைத் தூக்கி அவர் இடத்தில் வைத்து, ஜனாதிபதியின் தொப்பியை மாட்டினோம். முட்டைக்கோஸுக்கும் முகம் திருப்பினான் அந்தப் பாவி.

"தொப்பி அண்ணனோடதாச்சே..." என்று இழுத்தான்.

எனக்கு வந்த கோபத்தில் கண்மண் தெரியவில்லை. "எழுந்திருடா! குடிக்கிறது ஒரு பெரிய வித்தையா? பாரு, நான் காட்டுறேன்!"

கட்டை அவிழ்த்து அவனைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். ஹக்சு திரும்பி வந்து, தொப்பியை மாட்டிக்கொண்டு எதிரே அமர்ந்தார். ஊற்றினார். வாங்கிய பிறகுதான் பார்த்தேன், இரண்டு கையாலும் வாங்கியிருந்தேன். போகட்டும், கண்ணைப் பார்த்தால் போதும் என்று கோப்பையைத் தூக்கினேன். அடுத்த நிமிஷம் என் எதிரில் சுவர் இருந்தது. வாயை என் கையே மறைத்துக்கொண்டிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலாம்.

"இப்படித்தாங்க எனக்கும்," என்றான் கிதே, பாவமாக.

பியோன் சட்டைப்பைக்குள் கை விட்டார். சண்டை போட எனக்கு இனி என்ன யோக்கியதை இருக்கிறது?

அப்போது ஹக்சு சொன்னார்: "இன்னும் ஒரு தடவை ஓட்டுங்க. கிதே, நீ குடிக்கவே வேணாம். சும்மா உட்காரு."

காமிரா ஓடியது. ஜனாதிபதி பாட்டிலை எடுத்தார். கர்னலுக்கு ஊற்றவில்லை, தனக்கே ஊற்றிக்கொண்டார். கர்னலை ஒருமுறை பார்த்தார். பிறகு மெதுவாக முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, கையால் வாயை மறைத்துக்கொண்டு குடித்தார்.

அவ்வளவு மூத்தவர், தன் முன்னால் முகம் திருப்பிக் குடிக்கிறார்! கிதே பதறிப்போய்விட்டான். முகத்தைத் திருப்பவும் தோன்றவில்லை, கும்பிடவும் தோன்றவில்லை. விறைத்து உட்கார்ந்து, கண் கொட்டாமல் அவரையே வெறித்தான். நான் எழுதிய பார்வை அதுதான். ஹக்சு தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து போனார்.

பியோன் கட் சொல்லவே மறந்துவிட்டார். சட்டைப்பையில் இருந்த காகிதத்தை அவர் கிழித்துப் போட்டபோதுதான் எல்லோரும் கைதட்டினார்கள்.

செட்டைப் பிரிக்கும் சத்தத்துக்கு நடுவே ஹக்சு என்னிடம் வந்தார். இந்த முறை நிஜமான சோஜு பாட்டில்.

"உங்க முடிவை மாத்திட்டேன். கோபமாம்மா?"

"அண்ணே, எனக்கு இது தோணலையே!" என்றேன். வயிற்றெரிச்சல்தான். அதைவிடச் சந்தோஷம்.

"படம் வந்தா என் கூடப்பிறந்த அண்ணன் பார்ப்பாரு. சின்னப் பயல் முன்னாடி முகம் திருப்பினியாடான்னு செருப்பால அடிப்பாரு," என்று சொல்லிக்கொண்டே ஊற்றினார்.

இரண்டு கையாலும் வாங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு குடித்தேன். நான் அழுதது யாருக்கும் தெரியவில்லை.