மூன்று முறை கட்டிய பூ

வேலை கிடைக்காமல் அல்லாடுகிறவர்களை ஆரணியில் தெருவுக்கு நாலு பேர் பார்க்கலாம். இரண்டு வேலை கிடைத்து அல்லாடியது வேடியப்பன் குடும்பம் ஒன்றுதான். எண்பத்தாறாம் வருஷம் அது. அதுவும் கம்ப்யூட்டர் வேலை, அதுவும் பெண்பிள்ளைக்கு. அவர் மகள் சின்னபொண்ணு செய்யார் கல்லூரியில் கணக்குப் படித்துவிட்டு, வேலூரில் கம்ப்யூட்டர் வகுப்புக்கும் போய் வந்தவள்.

முதல் வேலை ராணிப்பேட்டையில், ஒரு தோல் கம்பெனியில். பில்லில் இருக்கும் எண்ணைப் பார்த்துப் பார்த்து மெஷினில் தட்ட வேண்டும். சாயந்திரம் வரை தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சம்பளம் பரவாயில்லை, வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரலாம். அந்தக் கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக இருந்த தாய்மாமன் ராமதாஸ், மேனேஜரிடம் சொல்லி வாங்கிக் கொடுத்தது. வாங்கிக் கொடுத்ததை எங்கே மறந்துவிடுவார்களோ என்று தினமும் வந்து ஞாபகப்படுத்திவிட்டுப் போனார்.

இரண்டாவது, மெட்ராஸில் மூன்றே அறை உள்ள ஒரு சின்னக் கம்பெனி. புரோகிராமர் டிரெய்னி என்று பெயர். ஒரு வருஷத்துக்குக் கைச்செலவுக்குத்தான் கொடுப்பார்கள், ஹாஸ்டலில் தங்க வேண்டும். ஆனால் அங்கே மெஷின் என்ன செய்ய வேண்டும் என்று எழுதப் போகிறவள் அவள். இன்டர்வியூவில் ஒரு கணக்கைக் கொடுத்து அதற்குப் புரோகிராம் எழுதச் சொன்னார்கள். எழுதியதை மெஷினில் போட்டதும் பாதியில் நின்றுவிட்டது. தப்பை அவளே கண்டுபிடித்துத் திருத்தினாள், ஓடியது. ஊர் திரும்பும் பஸ்ஸில் வழியெல்லாம் அவளுக்குத் தானாகச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை யாருக்காகவும் விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

"ரெண்டும் கம்ப்யூட்டருதான? இது கிட்ட இருக்குது, அது எட்ட இருக்குது. இதுல யோசிக்கறதுக்கு இன்னா இருக்குது?" என்றார் ராமதாஸ்.

"சேலை நெய்யறவனும் சேலைய மடிச்சு வெக்கறவனும் ஒண்ணா மாமா?"

"பாத்தியா மச்சான், படிக்க வெச்சதுக்கு உம் பொண்ணு எப்டி பேசுது பாரு."

வேடியப்பன் யார் பக்கமும் பேசவில்லை. அரிசி மில்லில் மூட்டை தூக்கிப் படிக்கவைத்த மனுஷன். மகளையும் நோகடிக்க முடியாது, மச்சானையும் பகைக்க முடியாது. முடிவெடுக்க வேண்டிய இடத்தில் எல்லாம் அவர் செய்வதையே இப்போதும் செய்தார். ரேணுகாம்பாள் கோயிலில் பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றார். வெள்ளை அரளி ராணிப்பேட்டைக்கு, சிவப்பு அரளி மெட்ராசுக்கு. இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்து அம்மன் காலடியில் வைத்தால், பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். பெண் பார்க்கப் போவதற்கும் கிணறு வெட்டுவதற்கும் அந்த வீட்டில் அதுதான் வழக்கம்.

"நான் வரேன் நைனா. ஆனா கேக்கறது நீங்க, நான் இல்ல," என்றாள் சின்னபொண்ணு. அதை யாரும் காதில் வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, அய்யாக்கண்ணு பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

வேடியப்பன் கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கையை உயர்த்தினார். ராமதாஸ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "கற்பூரம் சரியா எரியறதுக்குள்ள எடுத்துட்டாரு மச்சான். இது கணக்குல வராது."

மறுபடியும் கட்டினார்கள். மறுபடியும் சிவப்பு.

"ஒரு பொட்டலம் குண்டா இருக்குது, கைக்கு அதுதான் தட்டும்," என்றார் ராமதாஸ். இந்த முறை அவரே உட்கார்ந்து பார்த்துப் பார்த்து மடித்தார். பூசாரிக்கு அலுத்துவிட்டது. எடுத்துப் பிரித்து நீட்டினார். வெள்ளை.

ராமதாஸ் விழுந்து கும்பிட்டார். "அம்மாவே சொல்லிட்டா. திங்கக்கிழமை ராணிப்பேட்டைக்குக் கூட்டிகினு போறேன்."

சின்னபொண்ணுக்கு உடம்பெல்லாம் கோபம். ஆனால் குரல் உயரவில்லை.

"அம்மா ரெண்டு வாட்டி சொன்னா. நீங்க அடங்கல. ஒரு வாட்டி சொன்னதுக்கு நான் மட்டும் எதுக்கு அடங்கணும்?"

பூசாரி திரும்பி நின்று விளக்குத் திரியைத் தூண்டினார். அவர் தோள் குலுங்கியது. சிரித்தாரோ என்னவோ.

"நான் மேனேஜர் மூஞ்சில எப்டி முழிக்கறது?" என்றார் ராமதாஸ்.

"நீங்க செஞ்சத மறக்க மாட்டேன் மாமா. ஆனா உங்க மூஞ்சிக்காக ஆயுசுக்கும் நம்பர் தட்டிகினு ஒக்காந்திருக்க என்னால முடியாது. நான் மெட்ராஸ் போறேன்."

"அப்ப இனிமே உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்."

கூட வந்திருந்த சின்னபொண்ணின் அம்மா பாஞ்சாலை, சிதறிக் கிடந்த பூவைப் பொறுக்கிக்கொண்டே தம்பியைப் பார்த்துச் சொன்னாள்: "வெயிலு ஏறுது, செருப்ப போட்டுகினு போ."

திரும்பி நடக்கும்போது வேடியப்பன் மெல்லக் கேட்டார்.

"மொத வாட்டியே வெள்ளை வந்திருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

ராணிப்பேட்டைக்குப் போயிருப்பேன் என்று அவள் சொன்னால் அவர் மனம் குளிர்ந்திருக்கும். ஒரு சின்னப் பொய்தான், யாருக்கும் நஷ்டமில்லை. அது அவளுக்கும் தெரியும்.

"அப்பவும் மெட்ராஸ்தான் நைனா."

வேடியப்பன் நடுத்தெருவில் நின்றுவிட்டார். கோயிலைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்புறம் எதுக்குடி அந்தம்மாவ மூணு வாட்டி பேஜார் பண்ணோம்?"

"அது உனக்கும் அம்மனுக்கும் நடுவுல உள்ள பேச்சு நைனா. எனக்கு ஒரு பெட்டி வாங்கணும், ஜல்தி நட."