எட்டெழுத்துக்கு மேல் ஏறாது

கம்பெனி கேட்டில் வைத்திருந்த அட்டைப் பெட்டிக்குள் விரலை விட்டுத் துழாவி, வாட்ச்மேன் முனிவேல் ஒரு புதுக் கார்டை எடுத்து நீட்டினான். திம்மராயன் வாங்கிப் பார்த்தான். பளபளவென்று பிளாஸ்டிக் உறை. மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு படம். படத்தில் இருந்தவனுக்கு முறுக்கு மீசை. இரும்பு உருக்கும் பவுண்டரி அனலில் பொசுங்கிப் போகும் என்று திம்மராயன் மீசை வைப்பதை விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது.

“இது நானில்ல.”

“பேரு உன்னுதுதானே?”

“பேரு என்னுதுன்னு நீதான் சொல்றே, இங்கிலீஷ்ல இருக்குது. மூஞ்சி தளியிலருந்து வர்ற திம்மராயன்து. பெயிண்ட் ஷாப்ல இருக்கறானே, அவன்.”

முனிவேல் கார்டைப் பிடுங்கி, படத்தையும் எதிரில் நின்ற முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். “அப்ப உன்னை உள்ள உட முடியாதுப்பா.”

“நேத்து சாயந்திரம் யாருகிட்ட பீடி வாங்கிக் குடிச்சே?”

“உங்கிட்டதான். நீ யாருன்னு எனக்குத் தெரியும். கார்டுக்குத் தெரியலையே. இன்னியிலருந்து படம் பாத்துத்தான் உடணும்னு ஆர்டரு.”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். திம்மராயன் முனிவேல் கையிலிருந்து கார்டைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டான்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மறுநாள் பெங்களூர் ஹெட் ஆபீசிலிருந்து ஆபீசர் வருகிறார். டெம்பரரி ஆட்களில் யாரைப் பர்மனென்ட் ஆக்குவது என்று பட்டியல் போடப் போகிறார். கார்டோடு போய் அவர் முன்னால் நிற்க வேண்டும். கம்ப்யூட்டரில் தெரியும் முகமும் நிற்கும் முகமும் ஒன்றாக இருந்தால் பட்டியலில் பேர். இதற்கு முந்தின பட்டியல் போட்டு ஆறு வருஷம் ஆயிற்று. அடுத்தது எப்போது என்று அந்த ஹெட் ஆபீசுக்கே தெரியாது.

வருகைக் கணக்கு வைக்கும் டைம் ஆபீசுக்கு ரோட்டுப் பக்கம் ஒரு ஜன்னல் உண்டு. திம்மராயன் அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே கிளார்க் கோவிந்தப்பன் டீ குடித்துக்கொண்டிருந்தார். கார்டைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. முகத்தில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை.

“பர்மனென்ட் ஆளுங்களுக்கு டோக்கன் நம்பர் இருக்குது. அவங்க படத்தை நம்பர்ல போட்டு வெச்சோம். உங்களுக்கு நம்பர் ஏது? பேர்லதான் போடணும். கம்ப்யூட்டர்ல படத்துக்கு எட்டெழுத்துக்கு மேல பேரு ஏறாது. நீயும் திம்மரா, அவனும் திம்மரா. உன்னைத் திங்கக்கிழமை எடுத்தது, அவனை புதன்கிழமை. அவன் படம் உன் படத்து மேல உக்காந்துடுச்சி.”

“அதுவாவா உக்காந்துச்சி சார்?”

“இந்தப் பேருல ஏற்கனவே ஒண்ணு இருக்குது, அழிச்சிட்டு எழுதட்டுமான்னு கேட்டுச்சி. வரிசை அங்க கேட்டு வரைக்கும் நிக்குது. ஒய் அமுக்கினேன்.”

“ஒய்னா?”

“ஆமாம்னு அர்த்தம்.”

திம்மராயன் கம்பியை இன்னும் இறுக்கினான். ஒன்பது வருஷமாக சார் போட்டுப் பேசிய வாய் அன்றைக்குத்தான் முதல் தடவையாக நழுவியது. “பொட்டி உங்கிட்ட கேட்டுச்சி. நீ எங்கிட்ட கேட்டியா?”

“மரியாதையா பேசு.”

“நெகட்டிவ் இருக்குமில்ல, அதை வெச்சி வேற போட்டுக் குடு.”

“இதுல நெகட்டிவ் ஏதுப்பா. அழிஞ்சா அழிஞ்சதுதான். கேமரா பெங்களூருக்குப் போயிடுச்சி. அடுத்த மாசம் வரும், அப்ப வா.”

அடுத்த மாசம் வந்து என்ன செய்வது? பட்டியல் நாளைக்கு.

“எம் பேருக்கு எத்தினி எழுத்துன்னு தெரியுமா உனக்கு?” என்றான் திம்மராயன். அவனுக்குத் தெரியும். தொரப்பள்ளியில் அறிவொளி வகுப்பு நடந்தபோது, நாற்பது வயதில், ஷிப்ட் முடிந்து போய் உட்கார்ந்து, சிலேட்டில் அழித்து அழித்துக் கற்றுக்கொண்டது. இரும்புக் குழம்பு ஊற்றுகிற கைக்கு பல்பம் பிடிக்க வரவில்லை. பேரை மட்டும் எழுதப் பழக ஒரு மாசம் ஆனது. “ஆறு. உன் எட்டுல அடங்கி ரெண்டு மிச்சம்.”

“இங்கிலீஷ்ல பதினொண்ணுப்பா.”

“என்னைப் பெத்தவ இங்கிலீஷ்லயா பேரு வெச்சா?”

கோவிந்தப்பன் ஜன்னலைச் சாத்தினார்.

திம்மராயன் நேராக ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் ஸ்டுடியோவுக்குப் போனான். பேங்கில் கணக்குத் தொடங்க மூன்று வருஷம் முன்பு அங்கே படம் எடுத்திருந்தான். ஸ்டுடியோக்காரர் பழைய கவர்களைக் கொட்டி, தூசி தட்டி, அரைமணி நேரத்தில் நெகட்டிவை எடுத்துவிட்டார். சாயந்திரம் படம் கைக்கு வந்தது. இடது புருவத்தின் குறுக்கே ஓடும் தழும்புகூடத் தெளிவாக விழுந்திருந்தது. இரும்பு தெறித்து, அந்தக் கம்பெனியே போட்டுக்கொடுத்த அடையாளம் அது. வீட்டுக்கு வந்து, தளிக்காரன் மூஞ்சியின் மேல் தன் மூஞ்சியை வைத்துப் பசை போட்டு ஒட்டினான். அப்படிச் செய்கையில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் ஒருவன் மேல் உட்கார வேண்டித்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை, “ஒட்டின கார்டு செல்லாது” என்றான் முனிவேல்.

“செல்லாதுன்னா செல்லாமப் போவட்டும்.” திம்மராயன் வண்டி போகும் பெரிய கேட்டுக்கு நடுவில் போய் நின்றுகொண்டான். வெள்ளைக் கார் வந்தது. ஹாரன் அடித்தது. அவன் நகரவில்லை. முனிவேல் வந்து தோளைத் தொட்டான். “கையை எடு. கார்டுல இல்லாதவனை எப்பிடித் தொடுவே நீ?”

ஆபீசர் கார்க் கண்ணாடியை இறக்கினார். கோவிந்தப்பன் உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

“யாரு இவன்?”

“அதைத்தான் சார் நானும் நேத்திலருந்து கேக்கறேன்” என்று திம்மராயன் கார்டை நீட்டினான். ஆபீசர் நகத்தால் படத்தின் ஓரத்தைக் கிளப்பினார். காய்ந்தும் காயாத பசை. அடியிலிருந்து மீசை எட்டிப் பார்த்தது.

“மோசடி மாதிரி இருக்குதே. இந்த மீசைக்காரனைக் கூப்பிடு.”

பெயிண்ட் ஷாப்பிலிருந்து தளி திம்மராயன் வந்தான். முழங்கை வரைக்கும் நீலச் சாயம். அவனிடமும் அதே மாதிரி ஒரு கார்டு, அதே முகம்.

“ரெண்டுலயும் உன் போட்டோதான். ரெண்டும் உன்னுதா?”

தளிக்காரன் கார்டைப் பார்த்தான், காரைப் பார்த்தான். அவனும் பட்டியலுக்காக நிற்கிறவன்தான். ஒரே பேரில் இரண்டு பேர் என்று வம்பு வந்தால் இரண்டையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள் என்று வரிசையில் பேச்சு. அவன் வாயைத் திறக்கும்வரை திம்மராயன் அவனையே முறைத்துக்கொண்டிருந்தான்.

“மூஞ்சி நன்னுது சார், என்னுது” என்றான் அவன், கன்னடமும் தமிழும் கலந்து. “கார்டு அவந்து. புருவம் பாருங்க. இரும்பு தெறிச்ச அன்னிக்கு நானே தூக்கிட்டு ஓடினேன். ரத்தம் எஞ் சட்டையில ஆச்சி. இவன் பவுண்டரி திம்மராயன். ஏன் மாடோது, என்ன பண்றது, ரெண்டு பேருக்கும் ஒரே சாமி பேரு வெச்சிட்டாங்க.”

ஆபீசர் புருவத்தைப் பார்த்தார். பிறகு கோவிந்தப்பனைப் பார்த்தார். “இது எப்படி ஆச்சு?”

கோவிந்தப்பன் கார்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஆபீசர் வாட்சைப் பார்த்தார்.

“சரி, இவங்க ரெண்டு பேரையும் பட்டியல்ல கையால எழுதிக்கோங்க. நேரமாவுது.”

கோவிந்தப்பன் காரின் பானெட் மேலேயே தாளை விரித்து, பேனாவைத் திறந்து, இங்கிலீஷில் ஆரம்பித்தார். திம்மராயன் அவர் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினான். தாள் கிழிகிற மாதிரி அழுத்தி, ஒவ்வோர் எழுத்தாக எழுதினான். எழுதி முடித்தும் தாளின் மேல் வைத்த கட்டைவிரலை எடுக்கவில்லை.

“எண்ணு.”

“என்னப்பா இது, ஆபீசர் இருக்கறாரு.”

“அவரும் கேக்கட்டும். எண்ணு.”

கோவிந்தப்பன் எழுத்தெழுத்தாக விரல் வைத்தார். “தி, ம், ம, ரா, ய, ன்.”

“எத்தினி?”

“ஆறு.”

திம்மராயன் விரலை எடுத்தான். பேனாவைத் திருப்பித் தரவில்லை. சட்டைப்பையில் செருகிக்கொண்டு, முனிவேல் முகத்தைக்கூடப் பார்க்காமல் பவுண்டரியைப் பார்த்து நடந்தான்.